நசுக்குவது அவரா, அவளா?

கேள்வி: எங்கள் வீட்டில் மாமி கத்தோலிக்கம், நான் மெதடிஸ்த. ஆதியாகமம் 3:15இல் ஏவாளை ஏமாற்றிய பாம்பிடம் கடவுள் "அவர் உன் தலையை நசுக்குவார்" என்று சொல்வதாக என் வேதாகமத்தில் இருக்கிறது. மாமியோ, நசுக்குவது மாதாதான், சொரூபத்தின் காலடியில் பாம்பு கிடப்பதைப் பார்க்கவில்லையா என்கிறார். எது சரி?
– வாசகி, பாலையூற்று, திருகோணமலை

பதில்: மாமி மருமகள் வழக்கில் என்னை இழுத்துவிட்டீர்கள், சரி.

மாமி சொல்வது கட்டுக்கதை இல்லை. கத்தோலிக்கர் பல நூற்றாண்டுகள் வாசித்த வுல்காத்தா என்ற இலத்தீன் வேதாகமத்தில் அந்த இடத்தில் 'இப்சா', அதாவது 'அவள்' என்றே இருந்தது. சொரூபத்தில் பாம்பு வந்து சேர்ந்ததில் இந்தச் சொல்லுக்குப் பெரிய பங்குண்டு.

மூலமான எபிரேயத்தில் இருப்பது 'ஹூ', ஆண்பால். ஆனால் இதில் ஒரு வேடிக்கை, பழைய எபிரேயத்தில் உயிர்க்குறி கிடையாது, அதோடு மோசேயின் ஐந்து ஆகமங்களில் 'அவள்' என்பதையும் பெரும்பாலும் அதே மூன்று எழுத்தில்தான் எழுதிவைத்திருக்கிறார்கள், ஆகவே அந்தச் சொல்லை மட்டும் பார்த்தால் மாமிக்கும் கொஞ்சம் இடமிருப்பதுபோலத் தெரியும். வினைச்சொல்தான் காட்டிக்கொடுக்கிறது. தமிழைப் போலவே எபிரேய வினையும் பால் காட்டும். இங்கே அது ஆண்பால்.

அந்த ஆண் யார் என்று உடனே கேட்பீர்கள். அதே வசனத்தில் சற்று முன்னால், பாம்பின் வித்துக்கும் பெண்ணின் வித்துக்கும் பகை என்று வருகிறது. அந்த 'வித்து', அதாவது சந்ததி, எபிரேயத்தில் ஆண்பால் சொல், அதற்கு ஏற்ப 'ஹூ' வந்திருக்கிறது, அவ்வளவுதான். அது ஏவாளின் சந்ததி முழுவதுமாகவும் இருக்கலாம், ஒருவராகவும் இருக்கலாம். இயேசுவுக்கு முன்பே யூதர்கள் செய்த கிரேக்க மொழிபெயர்ப்பில், 'வித்து' அஃறிணையாக இருந்தும், 'அவன்' என்று போட்டிருக்கிறார்கள்.

உங்கள் புத்தகத்தையும் சும்மா விட முடியாது. தமிழில் வித்து என்றால் 'அது' என்றல்லவா வரவேண்டும்? அதே அதிகாரத்தில் ஆதாமுக்கு 'அவன்', கடவுளுக்குத்தான் 'அவர்'. இங்கே 'அவர்' என்று மரியாதை கொடுத்தபோதே, இது கிறிஸ்துதான் என்று மொழிபெயர்த்தவர்கள் முடிவுகட்டிவிட்டார்கள். அந்த விளக்கம் எனக்கும் உடன்பாடுதான், ஆனால் அது விளக்கம், மூலத்தில் உள்ள சொல் அல்ல.

மாமியின் திருவிவிலியத்தைத் திறந்து பாருங்கள், அங்கேயும் தலையைக் காயப்படுத்துவது "அவள் வித்து"தான். 1979இல் வத்திக்கான் வெளியிட்ட புதிய இலத்தீன் பதிப்பிலும் 'அவள்' போய் 'அது' வந்துவிட்டது. முதலில் ஒரு தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு அப்புறம் காட்டுங்கள்.