நான்காம் வகுப்புப் பாதையில் மணிக்கு 79 மைல் வேகம் ஏன்?

வணக்கம். அமெரிக்காவில் ரயில் பாதைகள் தரத்துக்கேற்ப வகுப்புகளாகப் பிரிக்கப்படுகின்றன. அவற்றில் நான்காம் வகுப்புப் பாதையில் பயணிகள் ரயிலுக்கு 80 மைல் அனுமதி இருந்தும், நீங்கள் சென்ற ரயில் 79 மைலைத் தாண்டாததால் தண்டவாளத்தில் பழுது இருக்குமோ என அஞ்சுகிறீர்கள். அது பழுதுக்கான அறிகுறி அன்று.

1946இல் இல்லினாய் மாநில நேப்பர்வில்லில், நின்றிருந்த ரயிலின் பின்புறம் மற்றொன்று வேகமாக மோதியது. அதையடுத்து, 80 மைலோ அதற்கு மேலோ ஓடும் ரயில்களுக்கு ஓட்டுநர் அறையில் சிக்னலைக் காட்டும் அல்லது ரயிலைத் தானே நிறுத்தும் கருவி வேண்டும் என்று 1947இல் ஆணை பிறந்தது. அக்கருவி பொருத்தப்படாத தடங்களில் 79 மைலே உச்ச வேகமாக நிலைத்தது.

பாதையின் வகுப்பு வேறு கணக்கு. முதல் வகுப்பில் சரக்கு ரயிலுக்கு 10, பயணிகள் ரயிலுக்கு 15 மைல். நான்காம் வகுப்பில் 60, 80. வகுப்பு ஏற ஏறத் தரமும் கடுமையாகிறது: நேர்ப்பாதையின் ஒவ்வொரு 39 அடி நீளத்திலும் முதல் வகுப்புக்கு 5 நல்ல ஸ்லீப்பர் கட்டைகள் போதும், நான்காம் வகுப்புக்கோ 12 வேண்டும், தண்டவாளங்களுக்கு இடையிலான அகலமும் முதல் வகுப்பின் 58 அங்குலத்துக்குப் பதில் 57.5 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. இவற்றில் ஒன்று தவறினாலும், சரிசெய்யும் வரை பாதை தான் நிறைவுசெய்யும் கீழ் வகுப்பின் வேகத்துக்கு இறக்கப்படும்.

ஆகவே, 79 மைலில் சீராக ஓடிய ரயில் அதே இடத்தில் திடீரென கீழ் வகுப்புகளுக்கான 60 அல்லது 30 மைலுக்குக் குறைந்தால்தான் தண்டவாளத்தை ஐயுறலாம்.