ஏற்காடு போய் வந்தால் சண்டை தீருமா?

"சேலம் அம்மாப்பேட்டையில் இருக்கிறோம். தம்பதியர் ஆலோசனைக்குப் போகலாம் என்கிறேன். நாலு நாள் ஏற்காடு போய் வந்தால் போதும் என்கிறார் கணவர். எது பலன் தரும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஏற்காட்டுக்குப் போய் வாருங்கள், தப்பில்லை. ஆனால் இறங்கும்போது இருபது கொண்டை ஊசி வளைவுகள் முடிவதற்குள் பழைய சண்டை திரும்பிவிடும், எங்களுக்குத் திரும்பியது.

ஆலோசனை பற்றி உருப்படியான சோதனை ஒன்று உண்டு. அமெரிக்காவில் உளவியலாளர் ஆண்ட்ரூ கிறிஸ்டென்சனும் சகாக்களும், நாள்பட்ட மனக்கசப்பில் இருந்த 134 தம்பதியருக்கு அதிகபட்சம் 26 அமர்வுகள் வரை சிகிச்சை அளித்தார்கள். பாதித் தம்பதியருக்கு நடத்தையை மாற்றும் பயிற்சி. மீதிப் பேருக்கு, மாறாத குணத்தை ஏற்கவும் பழக்கும் முறை. 2010-இல் வெளியான முடிவின்படி, ஐந்து ஆண்டுகள் கழித்து இரண்டிலும் ஏறக்குறைய பாதிப் பேர் தேறியிருந்தார்கள். கால்வாசிப் பேர் பிரிந்திருந்தார்கள். இதைத் தோல்வி என்று நான் சொல்லமாட்டேன். சேர்க்கப்பட்டவர்கள் லேசான ஊடலில் இருந்தவர்கள் அல்லவே!

உங்களுடையது சமையலறை வாக்குவாதம் அளவில் இருந்தால் இப்போதே ஆலோசனைக்குப் போங்கள். அடி, மிரட்டல் இருந்தால் இருவரையும் சேர்த்து உட்காரவைப்பது முதல் வழியல்ல. 181 மகளிர் உதவி எண்ணை அழையுங்கள்.