திராட்சைத் தோட்டமும் ஐந்து டாலர் பிடித்தமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கலிபோர்னியாவின் ஆஸ்தி என்ற இத்தாலியக் குடியிருப்பை உருவாக்கிய ஆந்த்ரேயா ஸ்பார்பொரோவைப் பற்றிப் படித்தேன். மளிகைக்கடைக்காரராக வாழ்க்கையைத் தொடங்கியவர். தொழிலாளர்களையே தோட்டத்தின் பங்குதாரர்களாக்க முயன்றிருக்கிறார். அவர்களோ மறுத்துவிட்டார்கள். நல்லது செய்ய வந்தவரை ஏன் நம்பவில்லை? படிப்பறிவு இல்லாததுதான் காரணமா?

ர., திண்டுக்கல்

அன்புள்ள ர.,

படிப்பறிவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. அந்தத் தொழிலாளிகள் கணக்குத் தெரிந்தவர்கள்.

1881இல் ஸ்பார்பொரோவும் நண்பர்களும் சொனோமா பகுதியில் 1,500 ஏக்கர் வாங்கினார்கள். ஒரு பங்கு 60 டாலர், மாதம் 1 டாலர் வீதம் கட்ட வேண்டும். வேலைக்கு வருபவர் குறைந்தது 5 பங்காவது எடுக்க வேண்டும். மாதச் சம்பளம் 30 முதல் 40 டாலர், அதோடு சாப்பாடு, தங்குமிடம், குடிக்க வைன். 5 பங்குக்கு மாதம் 5 டாலர் என்றால், 30 டாலர்காரரின் சம்பளத்தில் ஆறில் ஒரு பகுதி பிடித்தத்திலேயே போய்விடும். கட்டி முடிக்க ஐந்து வருடம். நட்ட கொடியோ மூன்றாம் வருடம்தான் காய்க்கத் தொடங்கும், நல்ல மகசூலுக்கு இன்னும் பொறுக்க வேண்டும். அதுவரை தன் பணம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் காட்ட ஒன்றுமில்லை. கங்காணிகள் கப்பல் கட்டணம், சாப்பாடு என்று சம்பளத்தில் கைவைப்பதை அன்றைய இத்தாலியக் கூலிகள் நிறையவே பார்த்திருந்தார்கள். இன்னொரு பிடித்தம் என்றதும் பின்வாங்கியது இயல்பு.

அதே ஸ்பார்பொரோவின் முந்தைய வீட்டுக்கடன் திட்டம் வெற்றி பெற்றது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஜெனோவா பக்கத்தில் பிறந்த அவர் 1852இல், 13 வயதில், சான் பிரான்சிஸ்கோவில் அண்ணனின் மளிகைக்கடைக்கு வந்தார். குடியேறிகளின் மளிகைக்கடை என்றால் பற்று நோட்டுதான் அதன் உயிர். யாருக்கு எப்போது சம்பளம் வரும், யார் சொன்ன தேதியில் தருவார் என்பதெல்லாம் கடைக்காரருக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். அந்தப் பழக்கத்தோடு 1875 முதல் வீட்டுக்கடன் சங்கங்களை நடத்தினார். இந்தவகைச் சங்கங்கள் நம்மூர் ஏலச்சீட்டு போலத்தான்: மாதச் சந்தா சேரும், அதிகம் தர முன்வரும் உறுப்பினருக்குக் கடன் கிடைக்கும். ஆனால் அங்கே பணம் போன இடத்தில் ஒரு வீடு எழுந்து நின்றது. கடன் வாங்கியவரும் கண்ணெதிரே இருந்தார்.

தோட்டம் கடைசியில் சாதாரண முதலீட்டாளர்களின் நிறுவனமாக நடந்தது. அவர்களுக்கும் எளிதாக இல்லை. முதல் அறுவடை வருவதற்குள் டன் 30 டாலராக இருந்த திராட்சை 8 டாலருக்கு இறங்கிவிட்டது. பழத்தை விற்காமல் வைன் போட்டார்கள், அது வினிகராகிப் போனது. வெயில் பகுதியில் நொதிக்கும் சாறு அதிகம் சூடேறினால் ஈஸ்ட் செத்து, நொதித்தல் பாதியிலேயே நின்று சர்க்கரை மிஞ்சிவிடும். பிறகு புளிக்க அதிக நாளாகாது. 1888இல் மருந்துக்கடைக்காரரும் வேதியியல் படித்தவருமான பியெத்ரோ ரோஸி பொறுப்பேற்ற பிறகே சரக்கு தேறியது. மொத்த வியாபாரிகள் கேலனுக்கு 7 சென்ட் சொன்னபோது, நியூயார்க்கிலும் நியூ ஆர்லியன்ஸிலும் சொந்த விற்பனை ஏற்பாடு செய்துகொண்டார்கள். 1897இல் விளைச்சல் மிஞ்சியது. 84 அடி நீளம், 34 அடி அகலம், 24 அடி ஆழத்தில் கான்கிரீட் தொட்டி கட்டினார்கள். ஐந்து லட்சம் கேலன் பிடிக்கும். விலை விழும்போது சரக்கை நிறுத்திவைக்க அதுதான் வழி. விலையைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்ற இந்தப் புத்தி ஸ்பார்பொரோவுக்குக் கடையிலேயே வந்திருக்கும் என்பது என் எண்ணம்.

அவருடைய நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. பங்குப் பத்திரம்தான் தவறான கருவி. ஆஸ்தி தொழிலாளிகளுக்கு நிலம் வேண்டாம் என்றில்லை. 1886இல் அங்கே வேலைக்கு வந்த எதோவார்தோ செகேசியோ, 1895இல் பக்கத்திலேயே 56 ஏக்கர் வாங்கித் திராட்சை நட்டார். 1902இல் சொந்த வைன் ஆலையும் கட்டினார். நிலப் பத்திரம் அவர் பெயரில் இருந்தது.