கஹூட்டில் உற்சாகம், தாளில் தடுமாற்றம்

கேள்வி: பட்டர்வொர்த் வட்டாரத் தமிழ்ப்பள்ளியில் ஆண்டு 4 கணிதம் போதிக்கிறேன். கணினிக்கூடத்தில் கஹூட் என்ற புதிர்ப்போட்டிச் செயலியை நடத்தினால் பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். மறுவாரம் அதே பின்னக் கணக்கைத் தாளில் கொடுத்தால் பலர் விழிக்கிறார்கள். வகுப்பறையில் இருப்பதோ ஒரு ப்ரொஜெக்டரும் என் கைப்பேசியும்தான். பயிற்சியில் படித்த கற்றல் கோட்பாடுகளில் எதைப் பின்பற்றுவது?

பதில்: ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை, ஆசிரியரே. பாடத்தின் இந்தக் கட்டத்தில் பிள்ளை என்ன யோசிக்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். கோட்பாடும் செயலியும் அதற்குப் பிறகுதான்.

புள்ளி தரும் புதிர்கள், சரியான செயலுக்கு உடனே பரிசளித்துப் பழக்கும் நடத்தைக் கோட்பாட்டின் வழி வந்தவை. 1954இல் உளவியலாளர் ஸ்கின்னர் முன்வைத்த கற்பிக்கும் இயந்திரமும் சிறு கேள்வி, உடனடி விடை என்றே இயங்கியது. வாய்பாடு மாதிரி, ஏற்கெனவே புரிந்ததை வேகப்படுத்த இது அருமையான வழி. புரியாத பின்னத்துக்குக் கடிகாரம் ஓடினால் பிள்ளை கணக்குப் போடாது, ஊகிக்கும். கஹூட்டில் நேரத்தை 240 விநாடி வரை நீட்டலாம், புள்ளி இல்லாமலும் நடத்தலாம். புதுப் பாடத்துக்கு அப்படியே வையுங்கள்.

உங்கள் வகுப்பறைக்கு நான் பரிந்துரைப்பது ப்ளிக்கர்ஸ் என்ற செயலி. பிள்ளைகளுக்குச் சாதனம் வேண்டாம். அச்சடித்த அட்டையைத் தாங்கள் தேர்ந்த விடைக்கேற்பத் திருப்பிப் பிடித்தால் போதும், உங்கள் கைப்பேசிக் கேமரா எல்லார் விடையையும் படித்துவிடும். 1/2 + 1/3 எவ்வளவு என்று கேளுங்கள். விடைகள்: 2/5, 2/6, 1/5, 5/6. தவறான ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட குழப்பத்தைக் காட்டிக்கொடுக்கும். 2/5 என்றால் தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் கூட்டியிருக்கிறது. 2/6 என்றால் பகுதியை மட்டும் மாற்றிவிட்டுத் தொகுதியை அப்படியே விட்டிருக்கிறது.

சரியான விடையை உடனே சொல்லிவிடாதீர்கள். பக்கத்தில் இருப்பவரிடம் காரணம் சொல்லச் சொல்லி, மீண்டும் அட்டை தூக்கச் சொல்லுங்கள். ஹார்வர்டில் எரிக் மஸூர் 1990களில் இயற்பியல் வகுப்புகளில் கையாண்ட முறை இது. ஏறக்குறைய 30 முதல் 70 சதவீதம் பேர் முதல்முறை சரியாகச் சொன்னால்தான் இந்தப் பேச்சு பலன் தரும். அதைவிடக் குறைந்தால், விளக்கத் தெரிந்த பிள்ளை பக்கத்தில் இருக்காது. தெரிந்தவர் துணையோடு எட்டக்கூடிய தூரம் என்று உளவியலாளர் வைகோட்ஸ்கி சொன்னாரே, அது இங்கே கண்முன்னால் நடக்கும்.

அப்படிக் குறைந்துபோனால் செயலியை மூடிவிட்டுக் காகிதத்தை எடுங்கள். ஒரே நீளக் கீற்றுகள் இரண்டு. ஒன்றை இரண்டாகவும் மற்றொன்றை மூன்றாகவும் மடிக்கட்டும். கையால் செய்வது, படமாகப் பார்ப்பது, பிறகு குறியீடு என்பது உளவியலாளர் புரூனர் 1960களில் காட்டிய வரிசை. ஒரு பிள்ளை மடித்ததைக் கைப்பேசியில் படமெடுத்துத் திரையில் பெரிதாகக் காட்டுங்கள். 2/5 பாதியைவிடச் சிறியது. பாதியோடு இன்னொன்றைச் சேர்த்தபின் எப்படிக் குறையும்? இந்தக் கேள்வியைப் பிள்ளைகளே எழுப்பினால் பாடம் பாதி முடிந்த மாதிரி.

திரையில் உள்ள வாக்கியங்களை அப்படியே வாசிக்காதீர்கள். படம் திரையில் இருக்கட்டும், விளக்கம் உங்கள் வாயில் வரட்டும். காணொலிக்கும் இதே விதிதான்.

அடுத்தது மறதி. 2006இல் உளவியல் ஆய்வாளர்கள் ரோடிகரும் கார்பிக்கும் கல்லூரி மாணவர்களிடம் ஓர் ஆய்வு நடத்தினார்கள். ஓர் உரைப்பகுதியைத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து முன்னணியில் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து, பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதியவர்களுக்கு 56 சதவீதம் நினைவிருந்தது, திரும்பப் படித்தவர்களுக்கு 42. பாடம் முடிந்த கையோடு வைக்கும் கஹூட் அந்த ஐந்து நிமிட நிலவரத்தைத்தான் காட்டுகிறது. அதை வைத்துப் பிள்ளைக்குப் புரிந்துவிட்டது என்று முடிவெடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

திங்கள் நடத்திய பாடத்திலிருந்து வியாழன் தொடக்கத்தில் இரண்டு கேள்வி, மறுவாரம் இரண்டு. தெரிவுகள் இல்லாமல், வெறும் தாளில். விடையை அங்கேயே சரிபாருங்கள், மதிப்பெண் வேண்டாம். வகுப்புசார் மதிப்பீட்டுக் குறிப்புக்கு அந்த மறுவாரத் தாளையே எடுத்துக்கொள்ளுங்கள். அதிலும் 2/5 என்று எழுதும் பிள்ளையிடம் மறுபடி கீற்றைக் கொடுங்கள்.