எச்.ஐ.வி. மாத்திரையோடு அசிடிட்டி சிரப் குடிக்கலாமா?

கேள்வி: என் தம்பிக்கு 34 வயது. எச்.ஐ.வி. இருப்பது தெரிந்து, இரண்டு மாதமாக ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி.க்கான மருந்து சிகிச்சை) மையத்தில் தரும் டி.எல்.டி. மாத்திரையை இரவில் சாப்பிடுகிறான். நெஞ்செரிச்சலுக்கு ஆன்டாசிட் சிரப், ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை இரண்டையும் படுக்கும்போது அதோடு சேர்த்தே கொடுக்கிறேன். தூக்கம் வராமல் புரள்கிறான். ரத்தத்தில் கிரியாட்டினின் (கிட்னி வெளியேற்றும் கழிவு) அளவு 0.9-லிருந்து 1.1 ஆகிவிட்டது. கிட்னி கெட்டுவிடும், மாத்திரையை நிறுத்து என்கிறார்கள் உறவினர்கள். நிறுத்தலாமா? தட்டு, டம்ளரைத் தனியாக வைக்க வேண்டுமா?
- வாசகி, பெரம்பூர், சென்னை

பதில்: நிறுத்தவே கூடாது அம்மா. நிறுத்தினால் சில வாரங்களிலேயே கிருமி மறுபடி பெருகிவிடும். அவருக்கு ஹெபடைடிஸ் பி-யும் இருந்தால், திடீரென நிறுத்துவது கல்லீரலையும் கடுமையாகத் தாக்கலாம்.

எனக்குக் கவலை தருவது கிரியாட்டினின் அல்ல, அந்த சிரப்தான். டி.எல்.டி. என்பது டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டோலுடெகிராவிர் 50 மில்லிகிராம் சேர்ந்த ஒரே மாத்திரை. சிரப்பில் உள்ள அலுமினியமும் மெக்னீசியமும் வயிற்றிலேயே டோலுடெகிராவிரைப் பிடித்துக்கொள்ளும். ரத்தத்தில் சேர வேண்டிய மருந்து சேராது. தினமும் தவறாமல் சாப்பிட்டும் பலன் குறைந்துவிடும். அதனால் டி.எல்.டி. சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்துத்தான் சிரப் கொடுக்க வேண்டும். சிரப்பை முதலில் குடித்துவிட்டால் 6 மணி நேரம் காத்திருக்க வேண்டும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதே இடைவெளிதான். ஆனால் இவற்றை வயிறார சாப்பிட்ட கையோடு டி.எல்.டி.யுடன் சேர்த்துப் போட்டால் பாதகமில்லை. வெறும் வயிற்றில் சேர்க்கக் கூடாது.

தூக்கமின்மை டோலுடெகிராவிரால் வரக்கூடியதுதான். மாத்திரையைக் காலை டிபனுக்குப் பிறகு என்று மாற்றினால் பலருக்குச் சரியாகிவிடும். எந்த நாளிலிருந்து மாற்றுவது என்று மையத்து நர்ஸிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் இரும்பு மாத்திரையை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும், சிரப்பை இரவிலும் வைத்துக்கொண்டால் மூன்றும் ஒன்றோடொன்று மோதாது. நெஞ்செரிச்சல் தொடர்ந்தால் பான்டோபிரசோல் போன்ற மாத்திரை தரலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், அது டோலுடெகிராவிரோடு மோதுவதில்லை.

இப்போது கிரியாட்டினின். அதைச் சிறுநீரில் வெளியேற்றும் வழியை டோலுடெகிராவிர் கொஞ்சம் அடைப்பதால், முதல் சில வாரங்களில் அளவு சற்று ஏறி அப்படியே நின்றுவிடும். கிட்னி கெட்டதாக அர்த்தமில்லை. ஆனால் டெனோஃபோவிர் சிலருக்கு உண்மையாகவே கிட்னியைப் பாதிக்கும். ஆகவே அடுத்த பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள், சிறுநீரில் புரதம் போகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். டைக்ளோஃபெனாக் மாதிரியான வலி மாத்திரைகளை மருந்துக்கடையில் நீங்களாக வாங்கித் தராதீர்கள்.

தாம்பரம் சானடோரியம் மருத்துவமனை உள்ளிட்ட இடங்களில் 2004-ல் அரசு இலவச ஏ.ஆர்.டி. தொடங்கியபோது தினமும் இரண்டு வேளை மாத்திரை. அதிலிருந்த ஸ்டாவுடின் கால் எரிச்சலும் கன்ன ஒடுக்கமும் தந்தது. இன்றைய மாத்திரை எவ்வளவோ நல்லது, அதை இழந்துவிடாதீர்கள்.

தட்டு, டம்ளர் எதையும் பிரிக்க வேண்டாம். சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள், எச்.ஐ.வி. அப்படிப் பரவாது.

இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைவு இருந்தால் உடனே மையத்தில் சொல்லுங்கள். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் தொடங்கினால் டோலுடெகிராவிர் 50 மில்லிகிராம் இன்னொரு வேளையும் தேவைப்படும். மருந்து தொடங்கிய 6-வது மாதம் வைரல் லோடு (ரத்தத்தில் கிருமியின் அளவு) பரிசோதனை உண்டு, அதற்கு மறக்காமல் அனுப்பிவையுங்கள்.