கோபியின் 81 பெரிதா, வில்ட்டின் 100 பெரிதா?

அல்சூரில் பள்ளிக் கூடைப்பந்து அணிக்கு ஆடும் உங்கள் மகன் கேட்டது நல்ல கேள்வி. இரண்டுமே அமெரிக்காவின் என்.பி.ஏ. லீக்கில் ஒரே ஆட்டத்தில் ஒரு வீரர் எடுத்த புள்ளிகள். மொத்தப் புள்ளியோடு, எத்தனை முயற்சியில் எடுத்தார் என்பதையும் பாருங்கள். 1962இல் வில்ட் சேம்பர்லின் 63 ஷாட்டில் 36, 32 ஃப்ரீ த்ரோவில் (ஃபவுலுக்காகக் கிடைக்கும் ஒரு புள்ளி வீச்சு) 28 போட்டார். 2006இல் கோபி பிரையன்ட் 46 ஷாட்டில் 28 (அதில் 7 மூன்று புள்ளி ஷாட்), 20 ஃப்ரீ த்ரோவில் 18.

ஃப்ரீ த்ரோ முயற்சிகளை 0.44ஆல் பெருக்கி, ஷாட் முயற்சிகளோடு கூட்டி, இரட்டிப்பாக்குங்கள். எடுத்த புள்ளியை அதனால் வகுத்தால் வில்ட்டுக்கு 0.649, கோபிக்கு 0.739; எண் கூடினால், முயற்சிகளுக்குக் கிடைத்த பலனும் கூடுதல். என் ஓட்டு கோபிக்கே.

இதே கணக்கை மகனுக்கும் போட, கண்டீரவா உள்ளரங்கில் அவர் ஆடும்போது தவறும் ஷாட்டுகளைத் தனி நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்கோர்ஷீட்டில் விழுந்தவைதான் ஏறும். ஷாட் போடும்போது எதிரணி அவரை ஃபவுல் செய்து, பந்தும் விழாவிட்டால் அது ஷாட் முயற்சியில் சேராது. கணக்கு பிசகுவது பெரும்பாலும் இங்கேதான்.