‘அவர்களுக்கும்’ என்றொரு சொல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் கல்லூரியில் வரலாறு கற்பிக்கிறேன். பல மொழியினரும் பல சமயத்தினரும் தலைமுறைகளாகச் சேர்ந்து வாழும் ஒரு பெருநகரத்தில் நண்பர்களோடு ஆறு ஆண்டுகளாகப் பண்பாட்டு மரபு வாரம் நடத்திவருகிறேன். சொற்பொழிவுகள், நகரின் பழைய இடங்களை நடந்தே காட்டும் மரபு நடை, பழைய புகைப்படங்களின் கண்காட்சி, இறுதி நாளில் கலைநிகழ்ச்சி ஆகியவை இருக்கும். இவ்வாண்டு, இதுவரை மேடையேறாத பதினொரு சமூகத்தினருக்குத் தனித்தனி அரங்குகள் அமைத்து அவர்களுக்கும் வாய்ப்பளித்தோம். தத்தம் நிகழ்ச்சி முடிந்ததும் அவர்களில் பெரும்பாலோர் கிளம்பிவிட்டார்கள். இளைஞர்கள் வருவதேயில்லை. அவர்களை ஈர்க்க என்ன செய்யலாம்? நுழைவுக்கட்டணம் வைத்தால் மதிப்புக் கூடுமா? அடுத்த ஆண்டு தொடக்கவுரையாற்றத் தாங்கள் வர இயலுமா?

கே.

அன்புள்ள கே.,

விடுமுறை நாட்களையும் கைப்பணத்தையும் செலவழித்து ஆறு ஆண்டுகளாக இதைச் செய்துவருகிறீர்கள். மண்டப வாடகைக்காக எத்தனை பேரின் வாசலில் நின்றிருப்பீர்கள் என்பதை என்னால் ஊகிக்க முடிகிறது. அந்த மரியாதை குறையாமல்தான் இதைச் சொல்கிறேன். ‘அவர்களுக்கும் வாய்ப்பளித்தோம்’ என்ற வரியைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது.

வாய்ப்பளித்தவர்கள் யார்? அந்த நகரம் உங்களுடையதாக இருக்கும் அளவுக்கே அவர்களுடையதாகவும் இருக்கும்போது, அதன் மரபை அவர்களுக்குப் பகிர்ந்தளிக்கும் உரிமை உங்கள் குழுவுக்கு எங்கிருந்து வந்தது? அந்த ‘உம்’ இருக்கிறதே, அது விருந்தில் கடைசிப் பந்தியில் போடப்படும் இலை. சாப்பிட்டுவிட்டு உடனே எழுந்து போய்விட்டார்கள் என்று நீங்கள் குறைப்படுகிறீர்கள். நானாக இருந்தாலும் போயிருப்பேன். தன் பாட்டைப் பாடவும் தன் உடையைக் காட்டவும் மட்டுமே அழைக்கப்பட்டவர், அடுத்த அரங்கில் நடப்பது தன் நகரத்தின் கதை என்று எப்படி உணர்வார்?

கட்டணம் வேண்டாம், அதில் பேச ஒன்றுமில்லை. இளைஞர்கள் வரவில்லை என்ற புலம்பலை ஒவ்வொரு பண்பாட்டு அமைப்பும் ஒவ்வொரு தலைமுறையிலும் புலம்பியிருக்கிறது. நாம் இளைஞர்களாக இருந்தபோது நம்மைப் பற்றியும் புலம்பினார்கள். அதை விட்டுவிடுங்கள்.

உங்கள் கடிதம் வந்த வாரத்தில் நான் ஒரு தரையைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். நேரில் பார்த்ததில்லை, படங்களில் பார்த்ததுதான். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் என்றொரு பகுதி இருந்தது. 1867இல் நகராட்சியின் ஆறாவது வட்டமாக வகுக்கப்பட்டதால் வந்த பெயர் அது. விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்தவர்கள், கைவினைஞர்கள், துறைமுகத் தொழிலாளர்கள், யூதர்கள், இந்தியர்கள், மலாய் முஸ்லிம்கள் எனப் பலரும் ஒரே தெருக்களில் நெருக்கியடித்து வாழ்ந்த இடம். 1966 பிப்ரவரி 11 அன்று நிறவெறி அரசு அதை வெள்ளையர்களுக்கு மட்டுமான பகுதியாக அறிவித்தது. 1982க்குள் 60,000க்கும் மேற்பட்டவர்கள் நகரத்துக்கு வெளியே மணல்வெளிக் குடியிருப்புகளுக்குத் துரத்தப்பட்டார்கள். வீடுகள் தரைமட்டமாயின. மசூதிகளும் தேவாலயங்களும் மட்டும் வெட்டவெளியில் தனித்து நின்றன.

நிறவெறி ஆட்சி முடிந்த 1994ஆம் ஆண்டின் டிசம்பரில், அங்கே பழைய தேவாலயக் கட்டடம் ஒன்றில் ஒரு கண்காட்சி திறக்கப்பட்டது. இடிப்புப் பணியை மேற்பார்வையிட்ட ஒருவர், கடலில் கொட்ட வேண்டிய தெருப் பெயர்ப் பலகைகளைக் கொட்டாமல் ஒளித்து வைத்திருந்தார். அவற்றை வரிசையாகத் தொங்கவிட்டார்கள். சில வாரங்களுக்கென்று தொடங்கிய அந்தக் கண்காட்சியை மக்கள் மூடவிடவில்லை. அதுவே அருங்காட்சியகமாக நிலைத்துவிட்டது.

நான் சொல்லவந்த தரை அங்கேதான் இருக்கிறது. அழிக்கப்பட்ட தெருக்களின் பெரிய வரைபடம் ஒன்றைத் தரையில் விரித்துவைத்து, முன்னாள் குடியிருப்பாளர்களிடம் பேனாவைக் கொடுத்தார்கள். வந்தவர்கள் மண்டியிட்டுத் தம் வீடு இருந்த இடத்தைத் தேடிக் குடும்பப் பெயரை எழுதினார்கள். கடைகளையும் தாம் அறிந்த மூலைகளையும் குறித்தார்கள். சொல்ல இடம் போதாதவர்களுக்கு நீளமான துணியும் இருந்தது. அதில் எழுதியவற்றைப் பிறகு நூலால் தைத்து நிலைப்படுத்தினார்கள். கே., அந்தக் கண்காட்சியை அமைத்தவர்களிலும் அறிஞர்கள் இருந்தார்கள். ஆனால் வரைபடத்தை நிரப்பும் வேலையைத் தாங்களே செய்து முடித்துவிட்டு மக்களைப் பார்வையிட அழைக்கவில்லை. யுனெஸ்கோவின் 2003ஆம் ஆண்டு உடன்படிக்கைகூட, பாட்டு, சடங்கு, கைத்திறன் போன்ற, பொருளாகக் கையில் எடுக்க முடியாத மரபு எது என்பதை வரையறுக்கும்போது, சமூகங்களும் குழுக்களும் தம் மரபின் பகுதியாக ஏற்றுக்கொள்வது எதுவோ அது என்கிறது. அந்த ஏற்பு நடக்க உங்கள் விழாவில் ஓர் இடம் இருந்ததா?

இவ்வளவு கடுமையாகச் சொல்லும் தகுதி எனக்கு உண்டா என்று கேட்டால், குறைவுதான். பல ஆண்டுகளுக்கு முன் நானே ஒரு மரபு நடையை வழிநடத்தினேன். நாற்பது பேர் வந்திருந்தார்கள். கையில் நான் தயாரித்த குறிப்பு. ஒரு சந்தின் திருப்பத்தில் தூண்கள் வைத்த பழைய கட்டடத்தைக் காட்டி, இது ஒரு வணிகரின் வீடாக இருந்தது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்த முதியவர் ஒருவர், “வீடில்லை தம்பி, அது சாயப்பட்டறை. எங்க அம்மா அங்கேதான் வேலை பார்த்தாங்க” என்றார். வேறொரு மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர் என்பது அவரது உச்சரிப்பில் தெரிந்தது. நான் புன்னகைத்தேன், நன்றி சொன்னேன், அடுத்த இடத்துக்கு நகர்ந்தேன். நேரமாகிவிட்டிருந்தது, கடைசியில் தேநீர் ஏற்பாடு வேறு இருந்தது.

அன்று இரவு முழுக்க அந்தப் புன்னகைதான் உறுத்தியது. நாற்பது பேர் நின்றிருந்த அந்தச் சந்தில் அந்தக் கட்டடத்தைப் பற்றி உண்மையிலேயே ஏதேனும் அறிந்திருந்தவர் அவர் ஒருவர்தான். அவரை நான் இடையூறாக நடத்தினேன். மறுவாரம் ஒலிப்பதிவுக் கருவியோடு போனேன். அவர் என்னை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். பட்டறையைப் பற்றிக் கேட்டதும், “அன்னைக்கு எல்லாரும் இருந்தாங்களே, அப்போ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். இப்போ எதுக்கு?” என்றார். எவ்வளவு கேட்டும் அதற்குமேல் பேசவில்லை. நான் அவரிடம் வேண்டியது தகவல். அவர் வேண்டியது அந்த நாற்பது பேர். இந்த வேறுபாடு எனக்குப் புரிய வெகுநாள் ஆயிற்று.

ஆகவே அடுத்த நடையில் பத்து இடங்களைக் காட்டாதீர்கள், மூன்று போதும். ஒவ்வோர் இடத்திலும் அத்தெருக்காரர் ஒருவர் தம் மொழியில் பேசட்டும். அருகிலிருப்பவர் வரிவரியாக மொழிபெயர்க்கட்டும். நேரம் இரட்டிப்பாகும், ஆகட்டும். பேசியதை எழுத்தாக்கினால் முதல் படியை அவர் கையில் கொடுத்து, திருத்தச் சொல்லி, அவர் வேண்டாம் என்றதை நீக்கிவிட்டுப் பிறகு வெளியிடுங்கள். அந்தப் பதினொரு சமூகத்தினரை இப்போதே, நிகழ்ச்சி நிரல் வெற்றுத்தாளாக இருக்கும்போதே, கூப்பிடுங்கள். அவர்களுக்குள் சண்டை வரும். ஒரே தெருவுக்கு மூன்று பெயர்கள் சொல்வார்கள். மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். ‘வேற்றுமையில் ஒற்றுமை’ என்று மட்டும் பதாகை அச்சடித்துவிடாதீர்கள்.

தொடக்கவுரைக்கு நான் வரவில்லை. அதற்கு ஒதுக்கிய நாற்பது நிமிடத்தை அந்தத் தெருக்காரர்களுக்குக் கொடுத்துவிடுங்கள். எனக்கான பயணச் செலவில் ஒரு பெரிய நகர வரைபடத்தை அச்சிட்டு, தரையில் விரித்து, மேலே கண்ணாடித்தாள் ஒட்டுங்கள். அழியாத மை உள்ள பேனாக்கள் நிறைய வாங்குங்கள். அவை காணாமல் போய்க்கொண்டே இருக்கும்.